காம்பிங் போகுமுன் போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் எம்மவர் வீடுகளில் காம்பிங் பேச்சு தொடங்கிவிடும். கூடாரம் யாரிடம் இருக்கிறது, கொத்துரொட்டித் தட்டை யார் கொண்டுவருவது, ஆட்டிறைச்சியை எங்கே ஊறவைப்பது என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலின் கடைசி வரியில் "நுளம்பு மருந்து" என்று ஒரு சொல் இருக்கும். போகிற வழியில், கையில் அகப்படுகிற முதல் போத்தலை வாங்கி வண்டியில் போட்டுக்கொள்வோம். இந்த இதழில் அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

சில வருடங்களுக்கு முன் எமது சங்கக் குடும்பங்கள் சில சேர்ந்து காம்பிங் போயிருந்தோம். கடையில் இருப்பதில் எது மிகப் பலமானது என்று கேட்டு வாங்கிய ஒரு போத்தல் எம்மிடம் இருந்தது. பொழுது சாயும் நேரம் பிள்ளைகள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பது போலத் தலை முதல் கால் வரை தெளித்தோம். தாயின் இடுப்பில் இருந்த பத்து மாதக் குழந்தைக்கும் அதே போத்தல், அம்மப்பாவுக்கும் அதே போத்தல். கொஞ்ச நேரத்தில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று அந்தக் கையால் கண்ணைக் கசக்கி வீரிட்டு அழுதது. தண்ணீரால் கழுவிக் கழுவி ஆறுதல்படுத்தவே பாதி இரவு போயிற்று.

அடுத்த வருடம் அதற்கு நேர்மாறு. "இரசாயனமே வேண்டாம்" என்று முடிவு செய்து, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து பூசிக்கொண்டு போனோம். நுளம்பு எங்களைப் பிய்த்தெடுத்தது. அதைவிட, வீடு திரும்பிய மறுநாள் குளிக்கும்போது ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் முழங்காலுக்குப் பின்னால் எள்ளு அளவில் ஓர் உண்ணி கடித்தபடி இருந்தது தெரியவந்தது. உடனே வைத்தியரிடம் கொண்டு ஓடியதால் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு வருடமும் பிழை விட்டவர்கள் நாங்கள்தான். முதல் வருடம் அளவுக்கு மீறினோம், இரண்டாம் வருடம் ஒன்றும் இல்லாமல் போனோம். இரண்டு முறையும் போத்தலின் பின்பக்கத்தை எவரும் வாசிக்கவில்லை.

ஏன் இவ்வளவு கவனம்?

ஊரில் நுளம்பு என்றால் மலேரியாவும் டெங்குவும் நினைவுக்கு வரும். கனடாவில் அவை பரவுவதில்லை என்பதால் இங்குள்ள நுளம்பு வெறும் அரிப்புத்தான் தரும் என்று பலர் எண்ணுகிறோம். ஒன்ராறியோவில் 2001ஆம் ஆண்டு பறவைகளில் வெஸ்ட் நைல் வைரசு கண்டுபிடிக்கப்பட்டது. 2002இல் மனிதரிலும் நோய் தெரியவந்தது. தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இராது. ஐந்தில் ஒருவருக்குக் காய்ச்சல், தலையிடி, உடல் வலி வரலாம். நூற்றில் ஒருவருக்கும் குறைவானோருக்கு மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். இந்த ஆபத்து வயது கூடக் கூட அதிகரிக்கும். எனவே பிள்ளைகளுக்குப் பூசிவிட்டு, "எனக்கேன் மோனை" என்று சொல்லும் அம்மம்மாவை விட்டுவிடக் கூடாது.

மற்றது உண்ணி. ஊரில் மாட்டிலும் நாயிலும் கொழுத்துத் தொங்கும் உண்ணியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்குள்ள கறுப்புக்கால் உண்ணி எளிதில் தெரியாது. வளர்ந்தது எள்ளு அளவு, இளம் பருவத்தில் கசகசா அளவு. அது பறக்காது, பாயாது. புல் நுனியிலும் பற்றையிலும் காத்திருந்து, உரசிச் செல்பவரின் உடுப்பில் ஏறிக்கொள்ளும். லைம் நோயைக் கொண்டுவருவது இதுதான். கனடாவில் 2009இல் 144 பேருக்கு லைம் நோய் பதிவானது. 2017இல் அந்த எண்ணிக்கை 2,025. லோங் பொயின்ற், பொயின்ற் பீலீ, கிங்ஸ்டனைச் சுற்றிய ஆயிரம் தீவுப் பகுதி ஆகியவை உண்ணிக்குப் பெயர்போன இடங்கள். எம்மவர் பலர் மாலையில் நடக்கப் போகும் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து ரூஜ் பூங்காவிலும் அது இருக்கிறது. ஆகவே காம்பிங் போகாதவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

வடக்கே அல்கொன்குயின் பக்கம் மே நடுப்பகுதியில் இருந்து ஜூன் இறுதி வரை போகிறவர்களைப் பிளாக் ஃபிளை எனப்படும் கறுப்புக் குட்டி ஈ பகலில் மொய்க்கும். அது நோய் தராவிட்டாலும் இரத்தம் வரக் கடிக்கும். கைக்குழந்தையோடு முதன்முறை காம்பிங் போகிறவர்கள் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது.

போத்தலில் எதைத் தேடுவது?

கனடாவில் சட்டப்படி விற்கப்படும் பூச்சி விரட்டி ஒவ்வொன்றும் சுகாதாரத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். லேபலில் பி.சி.பி. என்ற ஆங்கில எழுத்துகளுடன் ஒரு பதிவு எண் இருக்கும். அது இல்லையென்றால் வாங்க வேண்டாம். பிறகு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும், அது எத்தனை வீதம் என்பதையும் பாருங்கள். நம்பக்கூடிய மருந்துகள் மூன்று.

டீட்: லேபலில் டி, ஈ, ஈ, டி என்று நான்கு ஆங்கில எழுத்துகளில் இருக்கும். 1946இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கப்பட்டு, 1957 முதல் பொதுமக்கள் பாவனைக்கு வந்தது. நுளம்புக்கும் உண்ணிக்கும் நன்றாக வேலை செய்யும். மணம் கொஞ்சம் கடுமை. பிளாஸ்ரிக், ரேயோன், ஸ்பாண்டெக்ஸ் போன்றவற்றைக் கரைக்கும். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரப் பட்டி, பிளாஸ்ரிக் காப்பு, நகப்பூச்சு எல்லாம் பழுதாகலாம்.

இக்காரிடின்: ஆங்கிலத்தில் ஐ எழுத்தில் தொடங்கும். அமெரிக்கப் போத்தல்களில் இதையே பிக்காரிடின் என்று எழுதியிருப்பார்கள். 1980களில் உருவாக்கப்பட்டது. மணம் குறைவு, பிசுபிசுப்பு இல்லை, பிளாஸ்ரிக்கைக் கரைக்காது. 20 வீத இக்காரிடின், 30 வீத டீட்டுக்கு ஈடாக வேலை செய்யும். ஆறு மாதம் முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு இதையே முதல் தெரிவாகக் கனடிய பயண மருத்துவ ஆலோசனைக் குழு சொல்கிறது.

லெமன் யூக்கலிப்டஸ்: ஒருவகை யூக்கலிப்டஸ் மரத்தின் எண்ணெயைப் பதப்படுத்தி எடுப்பது. லேபலில் பி.எம்.டி. என்றும் இருக்கலாம். தாவர வழி வந்த மருந்துதான் வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கூடாது. மற்றவர்களுக்கும் ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் கூடாது. கடையில் தனி வாசனை எண்ணெயாக விற்கப்படும் யூக்கலிப்டஸ் தைலம் வேறு, இது வேறு. ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் பூச வேண்டாம்.

வீதம் என்பது பலம் அல்ல, நேரம்

நாங்கள் விட்ட முதல் பிழை இதில்தான். 30 வீதம் என்றால் 10 வீதத்தை விட மூன்று மடங்கு நன்றாக விரட்டும் என்று நினைத்தோம். அப்படியல்ல. 10 வீத டீட் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் காக்கும். 30 வீத டீட் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் காக்கும். காக்கும் நேரத்தில் இரண்டும் ஒன்றுதான். அரை மணித்தியாலம் முற்றத்தில் இறைச்சி வாட்டுபவருக்கு 30 வீதம் தேவையில்லை. நாள் முழுக்கக் காட்டில் நடப்பவருக்கு அது உதவும். நுளம்பு குறைந்த இடத்தில், குறைந்த நேரத்துக்கு, குறைந்த வீதம் போதும்.

கனடாவில் 2002இல் செய்யப்பட்ட மறுமதிப்பீட்டின் பின், மனிதர் பூசும் டீட் 30 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரையறுக்கப்பட்டது. அமெரிக்காவில் அந்த வரையறை இல்லை. 98 வீதப் போத்தல்களும் அங்கே கிடைக்கும். பஃபலோவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் மலிவு என்று அதை எடுத்துவர வேண்டாம். ஊரில் இருந்து பெட்டியில் வரும் கிறீம்களிலும் இங்கத்தைய பதிவு எண் இராது. குழந்தைக்குப் பூசுமுன் யோசியுங்கள்.

யாருக்கு எது?

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை: எந்த விரட்டியும் பூசக் கூடாது. தொட்டிலையும் தள்ளுவண்டியையும் மூடும் நுளம்பு வலைதான் காப்பு.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை: 20 வீதம் வரை இக்காரிடின் நல்லது. டீட் என்றால் 10 வீதத்துக்கு மேற்படாதது, நாளில் ஒரு முறை மட்டும்.

இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரை: 20 வீதம் வரை இக்காரிடின். டீட் என்றால் 10 வீதம் வரை, நாளில் மூன்று முறைக்கு மேற்படாமல். மூன்று வயது கடந்தவர்களுக்கு லெமன் யூக்கலிப்டசும் பூசலாம்.

பன்னிரண்டு வயதுக்கு மேல், பெரியவர்கள், முதியவர்கள்: 20 வீதம் வரை இக்காரிடின் அல்லது 30 வீதம் வரை டீட்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் லேபலில் சொன்னபடி டீட்டையோ இக்காரிடினையோ பூசலாம். தயக்கம் இருந்தால் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் பார்க்கும்போது ஒரு விடயம் தெளிவாகும். ஆறு மாதம் கடந்தவர்கள் மட்டும் உள்ள குடும்பத்துக்கு 20 வீத இக்காரிடின் போத்தல் ஒன்றே போதும். குழந்தைக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று என்று இருட்டில் போத்தல் மாறுகிற பயமும் இல்லை. எங்கள் சங்கக் காம்பிங் பட்டியலில் இப்போது அதைத்தான் எழுதுகிறோம்.

பூசும் முறை

முதலில் சன்ஸ்கிரீன். அது தோலில் ஊற கால் மணித்தியாலமாவது விட்டு, அதன்மேல் விரட்டி. இரண்டும் ஒன்றாகக் கலந்த போத்தலை வாங்க வேண்டாம். சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், விரட்டியை அடிக்கடி பூசக் கூடாது. ஒரே போத்தலில் இரண்டும் இருந்தால் ஏதோ ஒன்று பிழைக்கும்.

வெளியே தெரியும் தோலிலும் உடுப்பின் மேலும் மெல்லிதாகப் பூசுங்கள். உடுப்புக்குள்ளே வேண்டாம். காயம், வெயிலில் எரிந்த தோல், கரப்பன் உள்ள இடங்களில் வேண்டாம். கூடாரத்துக்குள்ளே தெளிக்கவே கூடாது. மூடிய இடத்தில் அத்தனையும் மூச்சோடு உள்ளே போகும். சாப்பாட்டுக்குக் கிட்டவும் வேண்டாம்.

முகத்தில் நேரே தெளிக்காமல், உள்ளங்கையில் எடுத்து, கண்ணையும் வாயையும் விட்டுத் தடவ வேண்டும். சிறு பிள்ளைகளுக்குப் பெரியவர்கள்தான் பூசிவிட வேண்டும். அவர்களின் கைகளில் பூச வேண்டாம்; அந்தக் கை வாய்க்கும் கண்ணுக்கும் போகும். டீட் என்றால் முகத்தையும் விட்டுவிடுங்கள்.

நாங்கள் கையால் குழைத்துச் சாப்பிடுகிறவர்கள். சோறு குழைக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது வீட்டைவிடக் காட்டில் முக்கியம். இரவில் படுக்குமுன், பூசிய இடங்களைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவிவிடுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். குழந்தை குடித்துவிட்டால் காத்திருக்காமல் 1-844-764-7669 என்ற நச்சுத்தடுப்பு நிலைய எண்ணை அழையுங்கள். போத்தலையும் கையில் வைத்திருங்கள், லேபலை வாசிக்கச் சொல்வார்கள்.

வீட்டு மருந்துகள்

இது எம்மவரோடு மனம் விட்டுப் பேச வேண்டிய இடம். பாட்டி சொன்ன மருந்தைப் பழிக்க நாங்கள் வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும்.

கற்பூரம் இயற்கையானது என்பதால் பாதுகாப்பானது என்று நினைத்தோம். சிறு குழந்தை அதில் ஒரு சிறிய கட்டியை விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். எண்ணெயில் கலந்து பூசினால் விரல் சூப்பும் குழந்தையின் வாய்க்குள் போகும். சுவாமி அறையில் இருக்கட்டும், குழந்தையின் தோலில் வேண்டாம்.

நுளம்புச் சுருளைக் கூடாரத்துக்குள் கொளுத்த வேண்டாம். தீப்பற்றும் ஆபத்து ஒருபுறம். 2003இல் வெளியான ஆய்வொன்று, ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடான நுண்துகளை வெளிவிடுவதாகக் கண்டது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்த இரவு எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இலங்கையின் தென்பகுதியில் காய்ச்சி எடுக்கப்பட்டு உலகமெங்கும் போன சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு நுளம்பை விரட்டும் குணம் உண்மையிலேயே உண்டு. ஆனால் விரைவில் ஆவியாகிவிடும். உண்ணி உள்ள காட்டுக்கு அதை மட்டும் நம்பிப் போக முடியாது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் பூசக் கூடாது. உள்ளி சாப்பிடுவது, வைட்டமின் பி குளிசை போடுவது, கையில் மருந்துப் பட்டி கட்டுவது, ஒலி எழுப்பும் கருவியை மாட்டுவது ஆகியவற்றால் பயன் இல்லை.

உடுப்பும் ஒரு மருந்து

வெளிர்நிற உடுப்பில் உண்ணி ஊர்வது தெரியும். நீளக் கை சேட், நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து அணிந்து, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். படத்துக்கு அழகாக இராது, ஆனால் உண்ணி உள்ளே ஏற வழி இருக்காது. பாதையின் நடுவே நடவுங்கள். பெர்மெத்ரின் ஊட்டிய உடுப்புகள் கனடாவிலும் விற்கப்படுகின்றன. அவை பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்.

திரும்பி வந்ததும்

வீடு வந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் குளியுங்கள். காய்ந்த உடுப்பை டிரையரில் அதிக சூட்டில் பத்து நிமிடமாவது சுழலவிட்டால் உண்ணி சாகும். பிறகு ஒருவரையொருவர் சோதியுங்கள்: தலைமயிருக்குள், காதுக்குப் பின், அக்குள், தொப்புள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின். எங்கள் பையனுக்கு அந்தக் கடைசி இடத்தை முதல் நாளே பார்த்திருந்தால் ஓர் இரவுப் பயம் மிச்சமாகியிருக்கும்.

உண்ணி கடித்திருந்தால் நெருப்புக்குச்சியால் சுட வேண்டாம். எண்ணெய், நகப்பூச்சு, வாசலின் பூச வேண்டாம். கூர்மையான சாவணத்தால் தோலை ஒட்டி அதன் தலையைப் பிடித்து, திருகாமல் நசுக்காமல் நேரே மெதுவாக இழுங்கள். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உண்ணியை எறிந்துவிடாமல் சிறு போத்தலில் இட்டுத் திகதியை எழுதிவையுங்கள்.

கறுப்புக்கால் உண்ணி 24 மணித்தியாலமோ அதற்கு மேலோ கடித்தபடி இருந்திருந்தால், எடுத்த நேரத்தில் இருந்து 72 மணித்தியாலத்துக்குள் ஒரு வேளை மருந்து எடுப்பதால் நோயைத் தடுக்கலாம். ஒன்ராறியோவில் 2023 ஜனவரி 1 முதல் இந்த மருந்தை மருந்தகத்திலேயே மருந்தாளர் எழுதித் தரலாம். குடும்ப வைத்தியரின் முறைக்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையாயின் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

அதன்பின் ஒரு மாதம் கவனமாக இருங்கள். கடித்து 3 முதல் 30 நாளுக்குள் தோலில் பரவிச் செல்லும் தடிப்பு, காய்ச்சல், அசதி, மூட்டு வலி வந்தால் வைத்தியரிடம் போய், உண்ணி கடித்ததை முதலில் சொல்லுங்கள். வைத்தியப் புத்தகங்களில் காட்டும் சிவப்பு வட்டம் எல்லோருக்கும் வருவதில்லை. எங்கள் மாநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல், அடிபட்ட கண்டல் போலவோ கருமையாகவோ தெரியலாம். "சிவப்பு இல்லையே" என்று இருந்துவிட வேண்டாம். நேரத்துக்குத் தொடங்கினால் லைம் நோயை மருந்தால் நன்றாகக் குணப்படுத்தலாம்.

பட்டியலில் சேர்க்க

பதிவு எண் உள்ள 20 வீத இக்காரிடின் போத்தல் ஒன்று. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை இருந்தால் நுளம்பு வலை. தனியாகச் சன்ஸ்கிரீன். கூர்முனைச் சாவணம். சவர்க்காரம். ஒவ்வொருவருக்கும் நீளக் காற்சட்டையும் காலுறையும்.

கொத்துரொட்டித் தட்டோடு இவற்றையும் வண்டியில் ஏற்றுங்கள். கடையில் போத்தலை எடுத்ததும் முன்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டுக் கூடையில் போடாமல், ஒருமுறை திருப்பி வாசியுங்கள். கண்ணாடி போட்டு வாசிக்க வேண்டியவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களும் அப்படியே பழகிக்கொள்வார்கள். எல்லோரும் நலமாகப் போய், நலமாகத் திரும்பி வர எமது வாழ்த்துகள்.